சைக்கிளுக்கும் உண்டு கரிக்கணக்கு! காட்டுவார்களா கம்பெனியார்?

நந்தனம் நாற்சந்தியில் காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தோழர்களே! அண்ணா சாலையில் சைதாப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வெள்ளம். தேனாம்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வெள்ளம். வெங்கட்நாராயணா சாலையிலிருந்து தியாகராயநகர்க் கூட்டம் வந்து கலக்கிறது. ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு ஓராயிரம் கார்கள்; மூச்சு முட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு மாநகரப் பேருந்து. பக்கத்திலே மெட்ரோ ரயில் நிறுவனத்தின் தலைமையகம் வானளாவி நிற்கிறது. காலடியில், பூமிக்குள்ளே, ரயில் ஓடுகிறது.

இத்தனைக்கும் நடுவே, சாலையின் ஓரத்தில், தயங்கித் தயங்கி ஒரு சைக்கிள்! பின் கேரியரில் டீ கேன். ஹாண்டில்பாரில் காகிதக் கோப்பைகள் அடங்கிய பை. அதன் பின்னே இன்னொரு சைக்கிள். இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காத்த பெரியவர் வீடு திரும்புகிறார். மற்ற வண்டிகள் எல்லாம் புகையைக் கக்குகின்றன; இந்த இரண்டும் வியர்வையை மட்டுமே சிந்துகின்றன.

புகையாத வண்டி, ஏழையின் வண்டி! கழகம் வளர்ந்த காலத்தில் கிராமம் கிராமமாக ஏடுகளைச் சுமந்து சென்றது இந்த வண்டி. கூட்டம் முடிந்து நள்ளிரவில் பேச்சாளரைப் பின்னால் உட்காரவைத்து ஊர் சேர்த்ததும் இந்த வண்டிதான். ஆகவே சைக்கிள் மீது நமக்குள்ள பாசம் சாதாரணமானதல்ல. அந்தப் பாசத்தோடுதான் இன்று ஒரு கேள்வியை எழுப்புகிறோம்.

ஓடும்போது சைக்கிள் புகைவிடுவதில்லை, உண்மை. பிறந்தபோது?

உருக்கு உலையிலே அதன் எலும்பு உருகியது. மின் அடுப்பிலே அதன் செயின் பதம் பெற்றது. முலாம் தொட்டியிலே அதன் ரிம் பளபளப்புப் பெற்றது. உலைக்கு நிலக்கரி எரிந்தது. தொட்டிக்கு மின்சாரம் பாய்ந்தது. அந்த மின்சாரத்துக்காக எங்கோ ஒரு அனல்மின் நிலையத்தில் மறுபடியும் நிலக்கரி எரிந்தது. எரிந்த கரியெல்லாம் கரியமிலவாயுவாக வானத்தில் சேர்ந்தது. எவ்வளவு சேர்ந்தது? சைக்கிளுக்கு இத்தனை, செயினுக்கு இத்தனை, பெடலுக்கு இத்தனை என்று எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கிறோம்.

இதுதான் இன்று உலகெங்கும் பேசப்படும் 'கரிக்கணக்கு'. பெரிய மனிதர்கள் குளிரூட்டிய மண்டபத்தில் பேசும் விஷயம் இது, பாட்டாளிக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பாட்டாளியின் கூலியும், பட்டறையின் பிழைப்பும், பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் இந்தக் கணக்கிலே சிக்கியிருக்கின்றன.

நாமே போட்டுப் பார்ப்போம் ஒரு கணக்கு

கம்பெனியார் கணக்கைக் காட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

இந்தியாவில் ஒரு டன் உருக்கு செய்வதற்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை டன் கரியமிலவாயு வெளியேறுகிறது. மத்திய உருக்கு அமைச்சகம் 2024 டிசம்பரில் 'பசுமை உருக்கு' எது என்பதற்கு ஒரு வரையறை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை; 1.6 டன்னுக்கும் கீழே இறங்கினால் ஐந்து நட்சத்திரம்.

சாதாரண சைக்கிள் ஒன்றில் பதினெட்டுக் கிலோ உருக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டரையால் பெருக்கினால் 45 கிலோ கரியமிலவாயு. இது உருக்குக்கு மட்டும்! குழாயாக வளைப்பதற்கு, பற்றவைப்பதற்கு, முலாம் பூசுவதற்கு, வர்ணம் அடிப்பதற்கு, டயருக்கு, டியூபுக்கு, லாரியில் ஏற்றி அனுப்புவதற்கு எல்லாம் தனிக்கணக்கு.

இப்போது நம் நாட்டுப் பிள்ளைகளிடம் வருவோம். பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லாருக்குமாக விரிந்தது. ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. 2022 ஜூலையில் தொடங்கிவைத்த ஒரு சுற்றில் மட்டும் 6.35 லட்சம் சைக்கிள்கள், 323 கோடி ரூபாய்! வண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய்.

6.35 லட்சத்தை 45 கிலோவால் பெருக்குங்கள். 28,000 டன்னுக்கு மேல் வருகிறது. அதே வண்டிகளை ஐந்து நட்சத்திர உருக்கில் செய்திருந்தால்? வண்டிக்கு 16 கிலோ குறையும். மொத்தத்தில் பத்தாயிரம் டன் கரியமிலவாயு வானத்துக்குப் போகாமல் நின்றிருக்கும். ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில், ஒரே திட்டத்தில்!

இது நம் கணக்கு. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போட்ட கணக்கு. தவறு என்று கம்பெனியார் சொன்னால் மகிழ்ச்சி. சரியான கணக்கைத் தரட்டும்! நாம் கேட்பதே அதைத்தானே?

சட்டம் கேட்பதும் கேட்காததும்

'கணக்குக் காட்டச் சட்டம் இருக்கிறதே, செபி கேட்கிறதே' என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இருக்கிறது. அதன் இலட்சணத்தையும் பார்த்துவிடுவோம்.

பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி வாரியம் 2021-இல் ஒரு படிவத்தை வகுத்தது. 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள் அதை நிரப்பித் தர வேண்டியது கட்டாயம். அந்தப் படிவத்தில் கரிக்கணக்கு மூன்று கூறாகப் பிரிகிறது. முதற்கூறு, கம்பெனி தன் சொந்த உலையில் எரித்தது. இரண்டாம் கூறு, விலைக்கு வாங்கிய மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிந்தது. மூன்றாம் கூறு, வாங்கிய இரும்பு, வாங்கிய உதிரிபாகம், ஏற்றுமதி இறக்குமதிப் போக்குவரத்து என்று பிறர் கையால் எரிந்தது.

முதல் இரண்டும் கட்டாயம். மூன்றாவது? விருப்பமிருந்தால் எழுதலாம்!

சைக்கிள் கம்பெனியை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. இரும்பை ஒருவர் உருக்குகிறார். ரிம்மை ஒருவர் வளைக்கிறார். போக்ஸ் கம்பியை ஒருவர் இழுக்கிறார். ஃப்ரீவீலை ஒருவர் கடைகிறார். எல்லாவற்றையும் வாங்கிக் கோத்துப் பெயரை ஒட்டி அனுப்புவதே சைக்கிள் கம்பெனியின் பெரும்பாலான வேலை. ஆகவே கரியின் பெரும்பங்கு எங்கே இருக்கிறது? மூன்றாம் கூறில்! பெரும்பங்கு விருப்பத்துக்கு விடப்பட்டது, சிறுபங்கு கட்டாயமாக்கப்பட்டது. வாசலைக் கூட்டியதற்குக் கணக்குக் கொடு, கொல்லையில் கொட்டியதை மனமிருந்தால் சொல் என்பது போல!

இன்னொன்று. அந்தப் படிவம் கம்பெனியைக் கேட்கிறதே தவிரச் சைக்கிளைக் கேட்பதில்லை. நம் சென்னைக்கு உரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். முருகப்பா குழுமமும் பர்மிங்காம் நகரத்து ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கைகோத்து 1949-இல் அம்பத்தூரில் உருவாக்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டில் தெரியாத வீடில்லை. குழாய் செய்ய ஆவடியில் தனித் தொழிற்சாலை எழுந்தது. செயின் செய்வது தனிப் பிரிவாக வளர்ந்தது. அம்பத்தூரைத் தொழில் நகரமாக்கியதில் இந்தச் சைக்கிள் தொழிலுக்கும், அதில் வியர்வை சிந்திய தொழிலாளத் தோழர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அதை மறுக்கும் நன்றிகெட்டவர்கள் அல்ல நாம்.

இன்று ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெருங்கம்பெனியின் ஒரு பிரிவு அந்தச் சைக்கிள் தொழில். கம்பெனி செபியின் சட்டத்துக்கு உட்பட்டது. சட்டம் கேட்டதைத் தருகிறது. ஆனால் குழாய், செயின், கார் உதிரிபாகம், சைக்கிள் எல்லாம் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடுகின்றன. சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டு, உப்பு இவ்வளவு என்று சொன்னால், ரசத்தில் உப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? குற்றம் கம்பெனியுடையது என்று சொல்லவில்லை. கேள்வியே அரைகுறை என்கிறோம்.

லூதியானாவுக்குப் போனாலோ, அந்த அண்டாவும் இல்லை. 1956-இல் தொடங்கிய ஹீரோ சைக்கிள்ஸ் முதல், சந்து சந்தாக நிறைந்திருக்கும் உதிரிபாகப் பட்டறைகள் வரை, இந்தியச் சைக்கிளின் பெரும்பகுதி பிறக்கும் ஊர் அது. ஹீரோ சைக்கிள்ஸ் பங்குச் சந்தையில் இல்லாத குடும்பக் கம்பெனி. பட்டறைகளைச் சொல்லவே வேண்டாம். செபியின் வலை கடலில் பெரிய மீனுக்கு விரித்தது. இவை எல்லாம் வலைக்கு வெளியே நீந்துகின்றன.

பெருங்கம்பெனிகள் தமக்குச் சரக்குக் கொடுப்பவர்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று 2023-இல் செபி ஒரு விதி கொண்டுவந்தது. தொடங்கும் முன்பே அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 2025 மார்ச்சில் அதுவும் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஓராண்டு தள்ளியும் வைக்கப்பட்டது. ஏழை நூறு ரூபாய் கடன் வைத்தால் தவணை உண்டா? தள்ளிவைப்பு உண்டா? முதலாளியின் கணக்குக்கு மட்டும் எத்தனை சலுகை!

வெள்ளைக்காரன் கேட்டால் காட்டுவார்கள்!

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று கடல் கடந்து நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் செய்தது. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றை எங்கள் எல்லைக்குள் கொண்டுவந்தால் கரிக்கணக்கைக் காட்டு என்றது. 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும்; 2026 ஜனவரி முதல் கணக்குக்கு ஏற்பக் கட்டணமும்.

அந்தப் பட்டியலில் உருக்குக் குழாய் உண்டு. திருகாணியும் போல்ட்டும் உண்டு. முழுச் சைக்கிளோ 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை. குழாயாகப் போனால் கேள்வி, குழாயைச் சைக்கிளாக்கி அனுப்பினால் கேள்வியில்லை!

நாம் கேட்பது வேறு. ஐரோப்பாவுக்குக் குழாய் ஏற்றுமதி செய்பவர், பிரஸ்ஸல்ஸ் நகரத்து அதிகாரிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கத்தான் போகிறார். எந்த உலை, எந்த மின்சாரம், எத்தனை கரி என்று வரிவரியாக எழுதத்தான் போகிறார். முடியாது, தெரியாது, அளவிட வழியில்லை என்று அங்கே சொல்லமாட்டார்.

அப்படியானால் அளவிட முடியும் என்றாகிறது. வெள்ளைக்காரன் கேட்டால் முடிகிறது. வேலூர்க்காரன் கேட்டால் முடியாதா? பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் குழாய்க்குப் பிறப்புச் சான்றிதழ். பெரம்பூர்ப் பெண் பள்ளிக்கு ஓட்டிப்போகும் சைக்கிளுக்கு இல்லையா? அரசியலில் 1947-இல் போன துரைத்தனம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இன்னும் குடியிருக்கலாமா?

'வண்டி வண்டியாகக் கணக்குப் போடுவது நடக்காத காரியம்' என்றும் சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் ட்ரெக் என்றொரு சைக்கிள் கம்பெனி 2021-இல் நடத்திக் காட்டியது. தன் சைக்கிள் ஒன்றுக்குச் சராசரி 174 கிலோ என்று அச்சிட்டு ஊருக்குச் சொன்னது. இந்த மாடலுக்கு இத்தனை, அந்த மாடலுக்கு இத்தனை என்று பிரித்தும் எழுதியது. காரில் போகவேண்டிய தூரத்தில் ஏறத்தாழ 700 கிலோமீட்டரைச் சைக்கிளில் போனால் அந்தக் கடன் அடைந்துவிடும் என்றும் சொன்னது. அந்தக் கம்பெனி தர்மவான் என்று நாம் தாம்பூலம் வைக்கவில்லை; அதுவும் லாபத்துக்கு நடக்கும் கடைதான். ஆனால் லாபத்துக்கு நடக்கும் கடையே செய்ய முடிந்ததை, செய்யவே முடியாதது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

காற்று நம்முடையது, கணக்கு டெல்லியுடையது

மின்சாரத்துக்கு வருவோம். மாநில உரிமை என்று நாம் பேசினால் 'இதிலுமா அரசியல்' என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கட்டும்.

ஆலை ஒன்று ஒரு யூனிட் மின்சாரம் வாங்கினால் எத்தனை கரி எழுதவேண்டும்? மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஓர் எண் வெளியிடுகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. குமரியிலிருந்து இமயம்வரை ஒரே எண்! தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் வடக்கோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் தெற்குக்குத் தனி எண் இருந்தது; இணைந்தபின் எண்ணும் ஒன்றாகிவிட்டது.

ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. வடசென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரியும் எரிகிறது. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. ஆனால் நல்லதோ கெட்டதோ, நம் மின்சாரத்தின் குணம் நம் மின்சாரத்தின் குணம். அதைத் தனியே அளந்து தனியே சொல்லவேண்டாமா? தொகுப்பிலிருந்து மின்சாரம் வாங்கும் அம்பத்தூர்ப் பட்டறையும் லூதியானாப் பட்டறையும் ஒரே எண்ணைத்தான் எழுதவேண்டும் என்றால், காற்றாலை நட்ட மாநிலத்துக்கு அந்தக் கணக்கில் என்ன பலன்? வீசும் காற்று தெற்கே. விழும் முத்திரை வடக்கே!

வரியிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. வரியை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தார்கள். எந்தச் சக்தியும் வேண்டாத, காலால் மிதிக்கும் சைக்கிளுக்கோ நூற்றுக்குப் பன்னிரண்டு! பல லட்ச ரூபாய்க் காருக்கு ஐந்து. ஐயாயிரம் ரூபாய்ச் சைக்கிளுக்குப் பன்னிரண்டு. ஆறு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22-இல்தான் சைக்கிளும் ஐந்துக்கு இறங்கியது. சுற்றுச்சூழலின் பெயரால் சலுகை கொடுத்தவர்கள், சுற்றுச்சூழலுக்கு மிக நல்ல வண்டியைக் கடைசியில் நினைத்துக்கொண்டார்கள். ஏன்? அதை ஓட்டுகிறவன் ஏழை என்பதைத் தவிர வேறு காரணம் உண்டானால் சொல்லட்டும்.

பச்சை நாமம்

பெரியார் நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றே ஒன்று. யார் சொன்னாலும் ஏன் என்று கேள். சான்று எங்கே என்று கேள். நெற்றியில் பட்டையும் நாமமும் தீட்டியவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நம்பி ஏமாந்த நாடு இது. இன்று வியாபாரத்தில் ஒரு புதிய நாமம் வந்திருக்கிறது. அது பச்சை நாமம். அட்டைப்பெட்டியின் மேல் ஓர் இலைப் படம். 'பூமியின் நண்பன்' என்று ஒரு வாசகம். எத்தனை கிலோ குறைந்தது, எதிலிருந்து குறைந்தது, யார் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பசுமைப் பொய்களைத் தடுக்க விதிமுறைகள் வெளியிட்டது. ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் விதி தானாக நடந்து கடைக்கு வராது. கேட்கிறவன் இருந்தால்தான் விதிக்கு உயிர். கோயில் வாசலில் கேள்வி கேட்கத் துணிந்த இயக்கம் கடைவாசலில் கேட்கத் தயங்கலாமா?

யார் தலையில் விடியும்?

ஒரு நியாயமான அச்சம் உண்டு. அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். 'கணக்கு, கணக்கு என்று நீங்கள் முழங்குகிறீர்கள். பெரிய கம்பெனி ஓர் ஆடிட்டரை அமர்த்திக்கொள்ளும். ஐந்து ஆள் வைத்துப் பெடல் அச்சு கடையும் சிறு பட்டறைக்காரன் என்ன செய்வான்? அவனுக்கு ஒரு படிவம், ஒரு சான்றிதழ், ஒரு கட்டணம் என்று மேலும் மேலும் சுமையா?' என்று கேட்கிறார்கள்.

கேட்பது சரிதான். சுமை எப்போதும் மேலிருந்து கீழே உருள்கிறது. வெளிநாட்டு வியாபாரி பெரிய கம்பெனியைக் கேட்பார். பெரிய கம்பெனி பட்டறையைக் கேட்கும். பட்டறைக்காரர் கட்டணத்தைக் கட்டிவிட்டு, கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியிடம் கையை விரிப்பார். புகைக்கணக்கின் செலவு கடைசியில் பாட்டாளியின் சோற்றுப்பானையில் கைவைக்கும். அப்படி நடக்க விட்டால் அது பசுமை அல்ல, பகற்கொள்ளை!

அதனால்தான் கணக்கு வேண்டும் என்பதோடு நில்லாமல், கணக்கின் செலவு யாருடையது என்பதையும் சேர்த்தே பேசுகிறோம். சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி அந்தச் செலவை ஏற்கட்டும். மிச்சத்துக்கு அரசு துணை நிற்கட்டும். நந்தனத்திலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் மிதித்தால் கிண்டி. அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. கிண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் என்று மாநிலத்துக்கே சொந்தமான ஒரு நிறுவனமும் இருக்கிறது. மின்சாரக் கட்டண ரசீதையும், இரும்பு வாங்கிய பில்லையும், டீசல் பில்லையும் வைத்துப் பெருக்கிக் கூட்டுவதற்கு லண்டனிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு பட்டறைக்கு ஒரு வாரம் போனால் கணக்கு முடிந்தது.

'சைக்கிளின் நல்ல பெயரைக் கெடுக்கிறீர்கள்' என்று சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு. நாம் போட்ட 45 கிலோ என்பது இருபது லிட்டர் பெட்ரோல்! சந்தியிலே நின்ற அந்த ஒற்றை ஆள் கார் ஒரு மாதத்துக்குள் எரித்துத் தள்ளுவதை, ஒரு சைக்கிளின் உருக்கு தன் ஆயுள் முழுவதற்கும் ஒரே ஒருமுறை செலவழிக்கிறது. பிறகு பத்து ஆண்டு, இருபது ஆண்டு, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு. கணக்கைக் காட்டினால் கௌரவம் உயரப்போவது சைக்கிளுக்குத்தான். நேர்மையான வண்டி நிறுவைக்கு அஞ்சாது. அஞ்சுகிறவர்கள் யார் என்றால், ஒளிவுமறைவில் உருக்கு வாங்குகிறவர்கள். மட்டமானதையும் நல்லதையும் ஒரே விலையில் தள்ளுகிறவர்கள்!

நாம் கேட்பவை

ஆகவே, வாயார முழங்கிவிட்டு வீட்டுக்குப் போகாமல், கையெழுத்துப் போட்டுக் கேட்கவேண்டியவை இவை.

ஒன்று: பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும்போது டெண்டரில் விலை கேட்கிறோம், தரம் கேட்கிறோம். கரிக்கணக்கையும் கேட்போம். ஃபிரேம், ஃபோர்க், ரிம், செயின், டயர் என்று பாகம் பாகமாக எழுதித் தரட்டும். சென்னைக் கம்பெனியாயினும் லூதியானாக் கம்பெனியாயினும் ஒரே விதி. பல லட்சம் வண்டி வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் தட்டமாட்டார். டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். வாங்குகிறவர் என்ற உரிமையே போதும்.

இரண்டு: அந்தக் கணக்கு தமிழில் அச்சாகட்டும். வண்டியின் மேல் ஒட்டட்டும். பதினோராம் வகுப்புப் பெண் தன் சைக்கிளின் பிறப்பைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். வேதியியல் பாடத்துக்கு அதைவிட நல்ல உபகரணம் ஏது?

மூன்று: செபியின் படிவத்தில் மூன்றாம் கூறு கட்டாயமாகட்டும். கம்பெனிக் கூட்டுத்தொகையோடு நில்லாமல் பொருளுக்கும் கணக்கு வரட்டும்.

நான்கு: மாநிலத்துக்கு மாநிலம் மின்சாரத்தின் கரி எண் தனியே வெளியாகட்டும்.

ஐந்து: சிறு பட்டறையின் கணக்குச் செலவு கூலியில் கைவைக்காதிருக்கட்டும். ஆலையில் இருக்கும் தொழிற்சங்கத்துக்கு அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை வரட்டும். உலை எரிவதை நாளெல்லாம் பார்க்கிறவன் தொழிலாளி. பொய்க்கணக்கை முதலில் கண்டுபிடிப்பவனும் அவனே.

இவற்றில் ஒன்றாவது நடக்காத காரியமா? ஒன்றாவது சைக்கிள் தொழிலை மூடச் சொல்வதா? எதுவும் இல்லை. விளக்கைப் போடு என்கிறோம், அவ்வளவுதான்.

மறுபடியும் நந்தனத்துக்கு வாருங்கள், தோழர்களே. சிவப்பு விளக்கு மாறிப் பச்சை விழுந்துவிட்டது. கார்கள் சீறிப் பாய்கின்றன. டீ கேன் சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்து, பெடலை அழுத்தி, கடைசியாகக் கிளம்புகிறார். அத்தனை பேரும் விட்ட புகையை அவர்தான் ஆழமாக மூச்சில் வாங்குகிறார். மிதிக்கிறவனுக்குத்தானே அதிக மூச்சு வேண்டும்! மற்றவர் புகையைச் சுவாசிக்கும் அவருக்குத் தன் வண்டியின் புகைக் கணக்கையாவது தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

உண்டு. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் கடமை நம்முடையது.